நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது: வீட்டுக் கணினியின் காவலைத் தெரிந்து தெளிதல்

எமது கல்லூரித் தாயின் விழா மலரிலே பழைய மாணவர் எழுதுவன பெரும்பாலும் பழைய நினைவுகளாகவே அமைதல் வழக்கம். ஆசிரியப் பெருமக்களின் கண்டிப்பும், விடுதி வாழ்க்கையும், விளையாட்டுத் திடலிலே பெற்ற வெற்றிகளும் எத்துணை முறை சொல்லப்படினும் சலிப்பதில்லை. எனினும் இம்முறை நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். அது வீட்டுக் கணினிக்குக் காவலாக நிறுத்தப்படும் மென்பொருளைத் தெரிந்தெடுப்பது பற்றியது. விழா மலருக்கு இப்பொருள் ஏற்குமோ என ஐயுறுவார் உளராயின் அவர்க்கு நாம் கூறும் விடை ஒன்றே. இக்கல்லூரி எமக்குக் கற்பித்தவற்றுள் தலையாயது, பிறர் இட்ட புள்ளியை அப்படியே ஏற்றுக்கொள்ளாது, அப்புள்ளி எவ்வினாவுக்கு எவ்வாறு இடப்பட்டது எனக் கேட்கும் பழக்கமாகும். அப்பழக்கம் இன்று எம் வீடுகளிலே மிகவும் வேண்டப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலே, ஒரு தலைமுறைக்கு முன்னர், கணினி என்பது கந்தோரிலே துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்த ஒரு பொருள். இன்று நிலைமை வேறு. 2020ஆம் ஆண்டிலே பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையவழி நடைபெறத் தொடங்கியபோது, அலைக்குறி தேடி மேட்டுக்கு ஏறிய பிள்ளைகளை நாம் கண்டோம். கடன்பட்டேனும் ஒரு கைத்தொலைபேசியையோ, ஒருவர் பாவித்துக் கழித்த மடிக்கணினியையோ வாங்கிய குடும்பங்கள் பல. அக்கருவிகளுக்குள்ளேதான் இன்று பிள்ளையின் பாடக்குறிப்புகளும், குடும்பத்தின் வங்கிக் கணக்கும், மத்திய கிழக்கிலே உழைக்கும் தாய் அனுப்பிய படங்களும் இருக்கின்றன. ஆதலின் அவற்றை இழத்தல் சிறிய இழப்பன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுதல் வேண்டும். எமக்கு இளையவரான பழைய மாணவர் ஒருவர் தோட்டக் கந்தோர் ஒன்றிலே எழுதுவினைஞராகக் கடமையாற்றுபவர். அவர் மகள் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். நகரத்துக் கடையொன்றிலே, பரிசோதனைக்கூடம் ஒன்றின் முத்திரையும் ‘நூற்றுக்கு 99.9’ என்னும் எண்ணும் பொறித்த பெட்டியைக் கண்டு, அதனுள் இருந்த காவல் மென்பொருளை வாங்கித் தம் வீட்டுக் கணினியில் நிறுவினார். ஓராண்டு கழிந்தது. உரிமம் முடிந்தது என்னும் ஆங்கில அறிவித்தல் திரையின் மூலையிலே தோன்றித் தோன்றி மறைந்தது. அதனை ஒருவரும் பொருட்படுத்திலர். அதன் பின் ஏழு மாதங்கள் சென்று, உறவினர் பையன் ஒருவன் பென் டிரைவிலே கொண்டுவந்த விளையாட்டு நிரலொன்று திறக்கப்பட்டது. மறுநாட் காலையில் கோப்புகள் யாவும் பூட்டப்பட்டிருந்தன. பணம் கேட்கும் அறிவித்தல் மாத்திரம் திரையில் நின்றது. இரண்டு ஆண்டுக் குறிப்புகளும், காலஞ்சென்ற பாட்டனாரின் படங்களும் போயின. அப்பெண் தோழியரிடம் குறிப்பேடுகளைக் கடன் வாங்கி, இரவிரவாகப் பிரதிசெய்து பரீட்சைக்குத் தோற்றினாள். நண்பர் எம்மிடம் வந்து கேட்டது இது: “தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பதுன்னு போட்டிருந்தாங்களே, அண்ணே, அது பொய்யா?”

அது பொய்யன்று. அந்த எண் மெய்யாகவே இருந்திருக்கலாம். ஆனால் அஃது அவர் வீட்டுக் கணினியைப் பற்றிய எண்ணன்று. அவ்வளவே நாம் இக்கட்டுரையிலே விளக்க விரும்புவது.

கணினிக்குத் தீங்கு செய்யும் நிரல்கள் யாவற்றையும் தீநிரல் என இங்கே பொதுப்பெயரால் வழங்குவோம். ஐ.பி.எம். வகைத் தனியாட் கணினிகளிலே பரவிய முதல் வைரசு எனக் கூறப்படும் ‘பிரெயின்’, 1986ஆம் ஆண்டில் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவரால் எழுதப்பட்டது. அது நெகிழ்வட்டு மூலம் மெல்லெனப் பரவியது. அக்காலத்துக் காவல் மென்பொருளின் வேலையும் எளிது. பொலிசாரிடம் உள்ள கைரேகைப் பட்டியல் போல, தெரிந்த தீநிரல்களின் அடையாளப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தலே அது. பரிசோதனையும் அதற்கேற்ப எளிதாயிருந்தது. இங்கிலாந்தின் ‘வைரஸ் புலட்டின்’ என்னும் வெளியீடு 1998ஆம் ஆண்டிலே ‘விபி100’ என்னும் சான்றினை வழங்கத் தொடங்கியபோது, உலகில் உண்மையாகப் பரவிவரும் வைரசுகளின் பட்டியலை முற்றாகக் கண்டறிதலும், குற்றமற்ற கோப்பொன்றையேனும் குற்றம் சாட்டாதிருத்தலுமே நியதியாயிருந்தன.

இன்று தீநிரல்கள் நாள்தோறும் உருமாறுகின்றன. ஆதலால் காவல் மென்பொருள் பட்டியலை மாத்திரம் நம்பாது, நிரலின் நடத்தையையும் நோக்குகின்றது. ஐயம் தோன்றுமிடத்து இணையத்தின் வழியே தன் நிறுவனத்தின் பெருங்கணினிகளிடம் வினவியும் முடிவு செய்கின்றது. இவற்றைப் பரீட்சிக்கும் கூடங்களுள் பேர்பெற்றவை ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக் நகரிலுள்ள ஏவி-கொம்பரட்டிவ்ஸ், ஜேர்மனியின் மக்டேபேர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், இலண்டனிலுள்ள எஸ்.ஈ. லாப்ஸ் என்பன. இவற்றின் முடிவுகள் இணையத்திலே இலவசமாகக் கிடைக்கின்றன. ஏவி-டெஸ்ட், காப்பு, கணினியின் வேகம், பாவனைக்கு இடையூறின்மை என்னும் மூன்று தலைப்புகளுக்கும் தலைக்கு 6 புள்ளி வீதம் 18 புள்ளிகளுக்குக் கணக்கிடுகின்றது. ஏவி-கொம்பரட்டிவ்ஸ் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பரீட்சை வைத்துப் படித்தரம் வழங்குகின்றது. பெட்டியின் மேல் அச்சிடப்படுவதோ, இத்தனை பாடங்களுள் மிகக் கூடிய புள்ளி பெற்ற ஒரு பாடத்தின் புள்ளி மாத்திரமே.

மலைநாட்டவராகிய எமக்கு இது புதிதன்று. பி.ஓ.பி. என்றும் ஓ.பி. என்றும் தேயிலைக்கு வழங்கும் தரப்பெயர்களைக் கண்டு, அவை சுவையின் உயர்வு தாழ்வைக் குறிப்பன என வெளியூரார் மயங்குவதுண்டு. அவை இலையின் அளவையும் தோற்றத்தையும் குறிப்பன என்பது தேயிலைத் தொழிற்சாலையிலே சலிப்பு மேசைக்கருகில் நின்ற எவருக்கும் தெரியும். சுவையை அறிய வேண்டுமாயின் சாயத்தை ஊற்றிப் பார்த்தல் வேண்டும். அதிலும் எத்தோட்டத்து இலை, எம்மாதத்து இலை எனக் கேட்டல் வேண்டும். டிம்புள்ளப் பகுதியின் தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட காலத்திலே பெறும் மணம், மழைக்காலத்து இலைக்கு வாய்ப்பதில்லை. காவல் மென்பொருளின் பரிசோதனை முடிவையும் இக்கேள்விகளோடே அணுகுதல் வேண்டும். எதனை அளந்தனர்? எப்போது அளந்தனர்? எந்நிலையில் அளந்தனர்? அளந்தவர் யார்?

முதலாவது, நூற்று வீதம். இணையத்திலே நாளாந்தம் எதிர்ப்படும் தீநிரல்களைக் கொண்டு நடத்தும் பரீட்சையிலே எடுத்துக்கொள்ளப்படுவன சில நூறு மாதிரிகளே. மாதிரிகள் 400 என வைத்துக்கொள்வோம். இரண்டைத் தவறவிட்ட மென்பொருள் 99.5 வீதம் பெறும். நான்கைத் தவறவிட்டது 99.0 வீதம் பெறும். இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு இரண்டே மாதிரிகள். அடுத்த பரீட்சையிலே வேறு மாதிரிகள் வரும்போது முன்னது பின்னதாகவும் பின்னது முன்னதாகவும் மாறுதல் இயல்பு. ஓட்டப் பந்தயத்திலே ஒரு விரற்கடை முந்தியவனைப் போல் முதலிடத்தாரைப் போற்றுதற்கு இங்கே இடமில்லை. பரிசோதனைக்கூடத்தாரும் இதனை அறிவர். அதனாலேயே ஏவி-கொம்பரட்டிவ்ஸ் நெருங்கிய பெறுபேறு உடையவற்றைக் கூட்டங்கூட்டமாகத் தொகுத்து, ஒரு கூட்டத்தாருக்கு ஒரே படியை வழங்குகின்றது. எனவே ‘முதலிடம் யாருக்கு?’ என்பது பயனற்ற வினா. ‘இரண்டு மூன்று ஆண்டுகளாக, இரண்டு மூன்று கூடங்களிலே, மேற்கூட்டத்தை விட்டு இறங்காதிருப்பவை எவை?’ என்பதே பயனுள்ள வினா.

எப்போது அளந்தனர் என்பதும் இதனோடு சேர்ந்ததே. விண்டோசுடன் சேர்ந்தே வரும் டிஃபெண்டர் என்னும் காவலைப் பற்றி, ‘அது ஒன்றுக்கும் உதவாது’ என இன்றும் கூறுவார் பலர். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் காவல் மென்பொருள் 2013ஆம் ஆண்டளவிலே ஏவி-டெஸ்ட் பரீட்சைகளில் மிகத் தாழ்ந்த பெறுபேறு பெற்றது உண்மை. அதே கூடத்திலே 2019ஆம் ஆண்டில் டிஃபெண்டர் 18க்கு 18 புள்ளி பெற்றதும் உண்மை. முதலாம் தவணைப் புள்ளியைக் கொண்டு மாணவன் ஒருவனை வாழ்நாள் முழுவதும் மதிப்பிடுவார் இலர். மென்பொருளுக்கும் அந்நியாயம் செய்தல் தகாது.

இரண்டாவது, பொய் எச்சரிக்கை. வருவார் அனைவரையும் கள்வர் எனத் தடுத்து நிறுத்தும் காவற்காரன் ஒரு கள்வனையும் உள்ளே விடான். ஆயின் அவன் வீட்டாரையும் வெளியே நிறுத்திவிடுவான். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், மெக்கஃபி நிறுவனம் அனுப்பிய இற்றைப்படுத்தல் ஒன்று விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளின் இன்றியமையாத கோப்பொன்றையே தீநிரல் எனக் கொண்டது. அதனால் உலகெங்கும் பெருந்தொகையான கணினிகள் செயலிழந்து மீண்டும் மீண்டும் தாமே அணைந்து எழலாயின. ஆதலால் காப்பு எண்ணைப் பார்த்தவுடன் அதனருகே பொய் எச்சரிக்கை எத்தனை எனவும் பார்த்தல் வேண்டும்.

இங்கே தமிழ் வீடுகளுக்குரிய ஒரு தனித் தொல்லையும் உண்டு. பரிசோதனைக்கூடத்தார் பொய் எச்சரிக்கையைக் கணிக்கும்போது, உலகிலே பலர் பாவிக்கும் நிரலைத் தவறாகத் தடுத்தலைப் பெருங்குற்றமாகவும், சிலரே பாவிக்கும் நிரலைத் தடுத்தலைச் சிறு குற்றமாகவும் கொள்வர். உலகக் கணக்கிலே அது நியாயம். ஆயின் பாமினி எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றும் சிறு செயலியையும், தமிழ்த் தட்டச்சுக்கென ஆர்வலர் ஒருவர் எழுதி இலவசமாக வழங்கிய நிரலையும் பாவிப்போர் உலகத் தொகையிலே மிகச் சிலர். அத்தகைய அரிய நிரல்களையே காவல் மென்பொருள் ஐயுறுவது பெரும்பான்மை. அட்டவணையிலே சிறு குற்றமாக நிற்பது, தமிழ் ஆசிரியர் ஒருவரின் வீட்டிலே வேலை முழுவதையும் நிறுத்திவிடலாம். ஆதலின் வாங்குதற்கு முன், பெரும்பாலான நிறுவனங்கள் தரும் முப்பது நாட் பரீட்சார்த்தப் பிரதியை நிறுவி, தாம் நாளும் பாவிக்கும் தமிழ்ச் செயலிகள் தடையின்றி இயங்குகின்றனவா எனத் தாமே பார்த்துக்கொள்ளல் நன்று.

மூன்றாவது, விடையளிப்பவர் யார் என்பது. சில வேளைகளிலே காவல் மென்பொருள் தானே முடிவு செய்யாது, ‘இதனை அனுமதிக்கலாமா?’ எனப் பாவனையாளரை வினவும். ஏவி-கொம்பரட்டிவ்ஸ் அறிக்கையிலே தடுக்கப்பட்டவை, கணினியைப் பாதித்தவை என்பனவற்றுக்கு இடையே, பாவனையாளர் முடிவுக்கு விடப்பட்டவை எனத் தனி நிரல் ஒன்று இருத்தலைக் காணலாம். ஆங்கிலம் அறிந்த ஒருவர் கணினி முன் இருப்பின் அது ஓரளவு காவலே. பாடசாலை விட்டு வந்த சிறுவனோ, பேரப்பிள்ளையின் முகம் காண அமர்ந்த பாட்டியோ இருப்பின், ‘ஆம்’ என்னும் பொத்தானே அழுத்தப்படும் என்பது திண்ணம். எம் வீடுகளைப் பொறுத்தவரை அந்நிரலிலுள்ள எண்ணைத் தவறவிட்டவற்றோடு சேர்த்துக் கணக்கிடுதலே விவேகம்.

நான்காவதாக நாம் கூறுவது மலைநாட்டாருக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. அது இணையத் தொடர்பு. பரிசோதனைக்கூடத்துக் கணினிக்கு இணையம் இடையறாது கிடைக்கும். எம் தோட்டங்களிலோ மழை இறங்கினால் அலைக்குறி மங்கும். மாத முடிவிலே டேட்டாவும் முடிந்துவிடும். இன்றைய காவல் மென்பொருள்கள் சிலவற்றின் அறிவு பெரும்பகுதியும் நிறுவனத்தின் பெருங்கணினிகளிடத்தே இருத்தலால், தொடர்பு அறுந்தவிடத்து அவற்றின் திறமை வெகுவாகக் குறைகின்றது. ஏவி-கொம்பரட்டிவ்ஸ் நடத்தும் தீநிரற் காப்புப் பரீட்சையிலே இணையம் இல்லாதபோது கண்டறிந்த வீதமும், இணையம் உள்ளபோது கண்டறிந்த வீதமும் வெவ்வேறாக அச்சிடப்படுகின்றன. சிலவற்றுக்கு இவ்விரண்டுக்குமிடையே பெரிய இடைவெளி காணப்படும். விளம்பரத்திலே வருவது பின்னதே. எழுதுவினைஞரான எம் நண்பரின் வீட்டுக்குத் தீநிரல் இணையத்தின் வழியே வந்ததன்று. அது பென் டிரைவின் வழியே வந்தது. அத்தகைய வீடு பார்க்க வேண்டிய எண் முன்னதாகும்.

ஐந்தாவது, வேகம். கூடத்தார் பரீட்சிக்கும் கணினி, எமது வீட்டிலே எட்டு ஆண்டு உழைத்த மடிக்கணினியன்று. புதிய கணினியிலே உணரப்படாத சுமை பழையதிலே பெருஞ்சுமையாகும். கணினி மெதுவானால் வீட்டார் செய்வது யாதெனில், காவலை நிறுத்திவிடுதல். நிறுத்தப்பட்ட காவலின் காப்பு வீதம் பூச்சியம். ஆகையால் வேகப் பரீட்சையிலே பின்னிற்கும் மென்பொருளை, காப்பிலே அரை வீதம் முந்தியது என்பதற்காகப் பழைய கணினிக்கு ஏற்றுதல் அறிவுடைமையன்று.

அளப்பவர் யார் என்னும் வினா இறுதியானது. கொழுந்து நிறுக்கும் மடுவத்திலே தராசின் முள்ளை மாத்திரமன்றித் தராசைப் பிடித்தவரின் கையையும் நோக்குதல் எம் தாய்மாருக்குப் பழக்கம். பரிசோதனைக்கூடங்கள் பலவும் மென்பொருள் நிறுவனங்களிடமே கட்டணம் பெறுகின்றன. அது தன்னளவிலே குற்றமன்று. பரீட்சைக் கட்டணம் செலுத்தும் மாணவன் புள்ளியை விலைக்கு வாங்கியவன் ஆகான். ஆயினும் பல நிறுவனங்களையும் ஒருங்கே நிறுத்தி நடத்தும் பொதுப் பரீட்சை வேறு. ஒரு நிறுவனம் தனக்கென வேண்டிப் பணம் கொடுத்து நடத்துவிக்கும் ஒப்பீடு வேறு. பின்னதிலே எதனை அளப்பது எனத் தீர்மானித்தவர் பணம் கொடுத்தவரா எனப் பார்த்தல் வேண்டும். பரிசோதனை முறைகளுக்கு ஒழுங்கு வகுப்பதற்கென 2008ஆம் ஆண்டிலே அம்ட்சோ என்னும் பன்னாட்டு அமைப்பு தோன்றியதும் இத்தகைய ஐயங்களினாலேயே.

பரீட்சார்த்தி ஏமாற்றுதலும் உண்டு. 2015ஆம் ஆண்டிலே ஏவி-கொம்பரட்டிவ்ஸ், ஏவி-டெஸ்ட், வைரஸ் புலட்டின் ஆகிய மூன்றும் ஒன்றுகூடிச் சீனத்தின் கீஹூ 360 நிறுவனத்தைக் கண்டித்து, அவ்வாண்டில் வழங்கிய சான்றுகளை மீளப் பெற்றன. காரணம், பரீட்சைக்கு அனுப்பிய பிரதியிலே பிட்டிஃபெண்டர் என்னும் வேறொரு நிறுவனத்தின் கண்டறி பொறி இயங்கிக்கொண்டிருந்தது. அந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பாவனையாளர் பெற்ற பிரதியிலோ அது நிறுத்தப்பட்டிருந்தது. கொழும்பு ஏலத்துக்கு ஒரு தேயிலையை மாதிரியாக அனுப்பி, பெட்டியிலே வேறொன்றை அடைத்தல் போன்றது இது. இவ்வேமாற்று வெளிப்பட்டமை பரிசோதனைக்கூடங்களுக்குப் பெருமையே. ஆயினும், புள்ளி பெற்ற பொருளும் வீட்டுக்கு வந்த பொருளும் ஒன்றுதானா, அதன் அமைப்புகள் ஒன்றுதானா என நாமும் கேட்டல் வேண்டும் என்பதற்கு அது சான்று.

புள்ளியிலே வராதனவும் உள. அவாஸ்ட் நிறுவனம் தன் பாவனையாளர் பார்த்த இணையத்தளங்களின் விபரங்களைத் திரட்டித் துணை நிறுவனம் ஒன்றின் வாயிலாக விற்றமைக்காக, 2024ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு அதன்மீது 1 கோடியே 65 இலட்சம் டொலர் செலுத்துமாறு விதித்தது. அதே மென்பொருள் காப்புப் பரீட்சைகளிலே நற்பெறுபேறு பெற்றுவந்ததே. காவற்காரன் கள்வனைப் பிடிப்பான் என்பதனால், வீட்டு இரகசியத்தை வெளியே கூறான் என்பது பெறப்படாது. இங்கே தன்னாட்டுப் பற்றும் துணைசெய்யாது. சென்னையைத் தாயகமாகக் கொண்ட கே7 நிறுவனத்தின் மென்பொருளும் இக்கூடங்களிலே பரீட்சிக்கப்பட்டுள்ளது என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தருவது. ஆயினும் அதனையும் மற்றையவற்றை அளக்கும் கோலாலேயே அளத்தல் வேண்டும்.

இவ்வளவும் கூறியபின், ‘ஆயின் எதனை வாங்குவது?’ என வாசகர் கேட்பர். எமது கருத்தை ஒளியாது கூறுவோம். நூற்றுவீதத்தின் கடைசித் தசமத்துக்காகப் பணம் செலவிடுதல் எம்மனோர் வீடுகளுக்கு வேண்டாத செலவு. விண்டோசுடன் வரும் காவலை நிறுத்தாது வைத்து, இற்றைப்படுத்தலைத் தவறாது செய்து வருவார்க்கு, பெரும்பாலும் அதுவே போதும். தொடர்பு அடிக்கடி அறும் வீட்டாரும், பென் டிரைவ் பலவற்றைத் திறக்க வேண்டியவரும், இணையமற்ற நிலையிலும் நன்கு கண்டறிவதாக அறிக்கைகளிலே தொடர்ந்து காணப்படும் ஒன்றினைத் தேடிக்கொள்ளலாம். அவ்வாறு வாங்குவோர், ஆண்டுதோறும் புதுப்பிக்க இயலுமாயின் மாத்திரம் வாங்குக. திருட்டுப் பிரதியை ஒருபோதும் நாடற்க. பூட்டையே கள்வனிடம் வாங்குதல் போன்றது அது.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். ‘உயிர்போன்ற கோப்புகளைக் காக்க அரை வீதமேனும் கூடுதலாகக் கிடைப்பின் வாங்குதலே முறையன்றோ?’ என்பர். அவ்வாதத்திலே நியாயம் உண்டு. ஆயின் கையிலுள்ள பணம் அளவானது. ஓராண்டுக் கட்டணத்துக்குச் செலவிடும் தொகையைச் சேர்த்து வைத்து ஒரு புறவன்தட்டு வாங்கி, கிழமைக்கொருமுறை கோப்புகளைப் பிரதிசெய்து, பிரதிசெய்தபின் கணினியிலிருந்து கழற்றிப் பெட்டியிலே வைப்பவர், எக்காவலும் தவறிய நாளிலும் தம் பொருளை இழவார். எந்த நிறுவனமும் நூறு வீதக் காவலை என்றும் தருவதில்லை. காப்புப்பிரதியோ காவல் தோற்ற பின்னும் நிற்பது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே இலங்கை அரசின் மேகக்கணினித் தொகுதி கப்பம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்து மின்னஞ்சல்கள் மீளப்பெற இயலாது போயின. அக்காலத்துக்குரிய காப்புப்பிரதி இல்லாமையே காரணம். அரசுக்கு நேர்ந்தது எழுதுவினைஞரின் வீட்டுக்கு நேர்ந்ததனின் வேறன்று.

இற்றைப்படுத்தலின் இன்றியமையாமையை 2017ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. அவ்வாண்டு மே 12ஆம் நாள் பரவத் தொடங்கிய வன்னாக்ரை என்னும் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் மாதத்தில், வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றியவர் தப்பினர், ஏற்றாதவர் அகப்பட்டனர். விண்டோஸ் 10க்குரிய வழமையான இலவச ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவடைந்தமையால், பழைய கணினி உடையோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். அடித்தளம் உளுத்த வீட்டுக்கு வாயிற் காவலனை மாற்றுவதாற் பயனில்லை.

கைத்தொலைபேசியைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்து வீடுகள் பலவற்றிலே அதுவே கணினி. அதற்குரிய காவல் மென்பொருள்களையும் மேற்கூறிய கூடங்கள் பரீட்சித்து முடிவுகளை வெளியிடுகின்றன. ஆயின், வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறும் குரலுக்கு ஒருதடவைக் கடவுச்சொல்லைச் சொல்லிவிடும் தவறினை எந்தப் பரிசோதனையும் அளப்பதில்லை. எந்த மென்பொருளும் தடுப்பதில்லை. வாட்ஸ்அப்பிலே வந்த செயலிக் கோப்பை நிறுவாதிருத்தலும், கடவுச்சொல்லை எவர்க்கும் உரையாதிருத்தலும் விலையற்ற காவல்கள். ஏதேனும் நேர்ந்தவிடத்து, 2006ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இலங்கை சேர்ட் அமைப்புக்கு அறிவித்து ஆலோசனை பெறலாம். வெட்கத்தினால் மறைத்தல் கள்வனுக்கே துணையாகும்.

இறுதியாக எமது வேண்டுகோள். பரிசோதனை அறிக்கைகள் யாவும் ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் வருவன. தோட்டத்துப் பெற்றோர் அவற்றைப் படித்தல் அரிது. ஆதலின் அவர்க்குக் கிட்டுவது கடைக்காரர் சொல்லும் சொல்லும், பெட்டியின் மேல் எண்ணுமே. எமது கல்லூரியிலே உயர்தர வகுப்பு மாணவர் புள்ளிவிபரவியலும் தகவல் தொழினுட்பமும் பயில்கின்றனர். அவர்களைக் கொண்ட சிறு குழுவொன்று, ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில், ஆண்டுக்கு இருமுறை மூன்று கூடங்களின் அறிக்கைகளையும் வாசித்து, காப்பு, இணையமின்றிக் கண்டறிதல், பொய் எச்சரிக்கை, வேகம் என்னும் நான்கு தலைப்புகளிலே ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாகத் தொகுத்து நூல்நிலையத்திலே தொங்கவிடுமாயின், அதனாற் பயன் பெறுவோர் மாணவர் மாத்திரமல்லர். அதன் கீழே, ‘இவ்வாரம் காப்புப்பிரதி எடுத்தீரா?’ என்னும் வினாவையும் எழுதுக. பழைய மாணவர் சங்கம் இதற்கு வேண்டிய சிறு செலவை ஏற்றல் வேண்டும் என முன்மொழிகின்றோம். ஆண்டு விழாவுக்குக் கட்டும் தோரணங்களின் செலவிலும் அது குறைந்ததாகவே இருக்கும்.

திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அரசன் தன் வினைக்கு ஆளைத் தெரிந்துகொள்ளும் முறையைப் பற்றியது அது. இன்று ஒவ்வொரு குடும்பமும் தன் வாயிலிலே ஒரு காவலாளைத் தெரிந்து நிறுத்தவேண்டியதாயிற்று. ஆராயாது நம்புதலும் தவறு. ஆராய்ந்தபின் ஐயுற்றுக்கொண்டே இருத்தலும் தவறு. எழுதுவினைஞரின் மகள் இப்பொழுது பல்கலைக்கழகத்திலே பயில்கின்றாள். விடுமுறைக்கு வீடு வரும்போதெல்லாம் அவள் முதலிற் செய்யும் வேலை, அலுமாரியிலிருந்து புறவன்தட்டை எடுத்துக் கணினியோடு இணைப்பதாம். அப்பெண் தன் இழப்பினாற் கற்றதை இழப்பின்றியே கற்கும் வாய்ப்பினை எம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அளித்தல் எமது கடன்.